முகவரி ஊரில், உடம்பு இங்கே: புலம்பெயர் தொழிலாளிக்கு மருத்துவம் எட்டுவது எப்படி?

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு மெடிக்கல் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சின்னக் காகிதக் கவரில் நாலைந்து மாத்திரை, அறுபது எழுபது ரூபாய், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. மேட்டுப்பாளையத்துக்கு ஜிப்மர் பக்கம்தான். சிப்காட்டிலிருந்து மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் பேருந்து இருக்கிறது. அங்கே மருந்துக்குக் காசு கிடையாது. பிறகு ஏன் காசு கொடுத்து மெடிக்கலுக்கு?

"விவரம் தெரியாதவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விவரம் தெரிந்துதான் போகிறார்கள் என்பது புரியும். கட்டட வேலையில் கையாளுக்கு நாள்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. காலையில் தொடங்கி நண்பகலோடு முடிகிறது. சைட்டில் ஆள் எண்ணுவதும் காலையில்தான். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து வாங்கும் ஜன்னல் என்று நான்கு வரிசை நின்று வெளியே வரும்போது பகல் ஒரு மணி. அன்றைக்கு வேலை போச்சு. ரிசல்ட் வாங்க நாளைக்கு வரச் சொன்னால் இன்னொரு 700. ஆக, இலவச மருத்துவத்தின் விலை 1,400 ரூபாயும் பஸ் காசும் மேஸ்திரியின் முகச்சுளிப்பும். மெடிக்கல் செட்டின் விலை 70.

மருத்துவமனை இருப்பதும் மருத்துவம் எட்டுவதும் வேறு வேறு என்பது இங்கேதான் தெரிகிறது. பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981இல் இந்த எட்டுதலை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள். சேவை இருக்கிறதா, போய்ச்சேர முடிகிறதா, நேரமும் நடைமுறையும் ஒத்துவருகிறதா, செலவு தாங்குமா, அவர்கள் நம்மை மதித்து நாமும் அவர்களை நம்பும் நிலை இருக்கிறதா. ஐந்தில் ஒன்று அறுந்தாலும் போதும், ஆள் மெடிக்கலுக்குத்தான் போவார். நம் பகுதியில் முதல் இரண்டும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. அறுந்துபோவது மூன்றாவது. பலரும் நான்காவதை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் இலவசம்தானே" என்கிறார்கள்.

அந்த செட்டில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பாராசிட்டமால், ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், சில கடைகளில் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கும், நோயை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அதே மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். இருமல் காசநோயாக இருந்து, கொடுத்த ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் கேட்டுவிட்டால், நோய் தெரியவருவதே சில வாரம் தள்ளிப்போகும். அதற்குள் ஒரே ஷெட்டில் படுத்திருக்கும் பத்துப் பேருக்கும் காற்று வழியே பரவியிருக்கலாம்.

யார் புலம்பெயர் தொழிலாளி?

2011 கணக்கெடுப்பின்படி நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் சுமார் 45 கோடி. அதில் ஏறக்குறைய பாதி திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். வேலைக்காகப் போனவர்கள் அதற்குள் ஒரு பகுதி. நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்றுதான் நினைவு ஓடும். ஆனால் விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குப் போகிறவரும் இதே ஆள்தான். கேரளத்தில் அவரை "அதிதி தொழிலாளி", அதாவது விருந்தினர் தொழிலாளி என்கிறார்கள். அங்கே வெளிமாநிலத்தாருக்கென்றே 2017இல் ஆவாஸ் என்ற காப்பீட்டுத் திட்டம் வந்தது.

மூன்றாவது வகை நமக்கே உரியது. கடலூர் மாவட்ட ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் வேலை. காலையில் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு காப்பீடு, வேறு நல வாரியம். பத்துக் கிலோமீட்டர்கூட நகராமல் ஒருவர் வெளிமாநிலத் தொழிலாளி ஆகிவிடுகிறார். அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

மூவருக்கும் சிக்கலின் வேர் ஒன்றே. நம் மருத்துவத் திட்டங்களில் பெரும்பாலானவை முகவரியோடு முடிச்சுப் போடப்பட்டவை. ரேஷன் அட்டை, வருமானச் சான்று, கிராமச் செவிலியரின் பதிவேடு எல்லாமே "நீ எந்த ஊர்?" என்றுதான் தொடங்கும். தொழிலாளியோ அந்த ஊரை விட்டு வந்தவர்.

எதற்கு அட்டை வேண்டும், எதற்கு வேண்டாம்

அதிகம் குழம்பும் இடம் இதுதான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்க எந்தக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேண்டாம். பெயர், வயது, ஊர் சொன்னால் சீட்டு. ஆதார் இருந்தால் நல்லது. இல்லையென்று சிகிச்சை நிற்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸுக்கு அட்டையே கிடையாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவரும் முதலில் சிகிச்சை தர வேண்டும், காவல்துறை நடைமுறை பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே சொல்லிவிட்டது.

அட்டை வேண்டியது படுக்கை சிகிச்சைக்கு, அதுவும் காப்பீட்டில் செய்யும்போது. ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஊரில் எடுத்த அட்டையை நாட்டில் எங்கேயும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் பயன்படுத்தலாம் என்பது விதி. ஆனால் ஓ.பி. செலவு இதில் வராது. அட்மிஷனுக்கு முந்தைய 3 நாளும் பிந்தைய 15 நாளும் சேரும். வெளிமாநில அட்டையோடு வருகிறவர் முதலில் மருத்துவமனையின் காப்பீட்டு அறைக்குப் போக வேண்டும், வார்டுக்குப் போன பிறகு அல்ல. ஆதாரும் அட்டையும் கொடுத்துக் கைரேகையோ ஓ.டி.பி.யோ வைத்தால் முன்அனுமதிக் கோரிக்கை போகும். அனுமதிப்பது அவருடைய சொந்த மாநிலம்.

மாட்டுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஓ.டி.பி. போகும் நம்பர் ஊரில் விட்டுவந்த பழைய சிம். இங்கே வந்ததும் தமிழ்நாட்டு சிம் வாங்கியிருப்பார், ஆதாரில் மாற்றியிருக்க மாட்டார். இரண்டு, ரேஷன் பதிவில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. ஆதாரில் மொபைல் நம்பர் மாற்றுவது உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஐ.சி.யூ. வாசலில் அது மூன்று நாள் வேலை. உதவிக்கு 14555.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு ரேஷன் அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் கேட்பார்கள். வெளிமாநிலத்தாரும் சேரலாம் என்று விதியிலேயே இடமிருக்கிறது. 6 மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதாகத் தகுந்த அதிகாரியின் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தமே இல்லாத லேபர் ஷெட்டில் இருப்பவர் அந்தச் சான்றை எதைக் காட்டி வாங்குவார் என்பதுதான் கேள்வி. முதலாளியின் கடிதம் இருந்தால் வழி கொஞ்சம் திறக்கும். 1800 425 3993 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

இ-ஷ்ரம் அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியில் வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அது அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு. 12 இலக்க எண் தரும். மருத்துவக் காப்பீடு அல்ல. எடுத்து வைப்பதில் நஷ்டமில்லை, அதை நம்பி அட்மிட் ஆகக் கூடாது.

இ.எஸ்.ஐ.: கையில் இருந்தும் தெரியாத கதவு

முகவரியோடு ஒட்டாமல் ஆளோடு போகிற ஒரே பெரிய ஏற்பாடு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 10 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பதிவு கட்டாயம். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். சம்பளம் 15,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 113 ரூபாய், முதலாளி போடுவது 488. நாள் சராசரி 176 ரூபாய்க்குள் வாங்குகிறவரிடம் பிடித்தமே கிடையாது. காண்டிராக்டர் வழியாக வந்தவருக்கும் இது பொருந்தும். கட்டட சைட் தொழிலாளர்களுக்கும் 2015 ஆகஸ்டிலிருந்து விரிவாக்கினார்கள். சைட்டுகளில் அது எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பதை லேபர் ஷெட்டில் நாலு பேரைக் கேட்டாலே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த 10 நாளுக்குள் முதலாளி பதிவு செய்ய வேண்டும். 10 இலக்கத்தில் ஒரு ஐ.பி. நம்பர் (காப்பீடு பெற்றவரின் எண்) வரும். அது ஆயுசுக்கும் ஒன்றே. சிப்காட்டை விட்டுத் திருபுவனைக்குப் போனாலும், திருப்பூருக்குப் போனாலும் அதே நம்பரைத்தான் புது கம்பெனியில் கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. பழைய நம்பரைச் சொல்லாததால் ஒவ்வொரு காண்டிராக்டரும் புதிது போடுகிறார். ஒருவர் பேரில் மூன்று நம்பர், மூன்றிலும் துண்டு துண்டாகக் கட்டிய காசு, எதிலும் தகுதி நாள் சேரவில்லை.

மருத்துவம் மட்டும் என்றால் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. புதுச்சேரியில் கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. குடும்பம் ஊரில் இருந்தால் அங்கே உள்ள மருந்தகத்தை அவர்களுக்கென்று பதிவில் காட்டலாம். பதிவின்போது மனைவி, பிள்ளை, பெற்றோர் பெயரைச் சேர்க்காமல் விட்டால், அட்டை இருந்தும் அவர்களுக்கு வேலைக்கு ஆகாது.

உடம்பு முடியாத நாளுக்கான பணம் வேறு கணக்கு. சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பிடித்தம் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தப் பணம் வர ஏறக்குறைய 9 மாதம் ஆகும். நடவுக்கும் பீகாரின் சட் பூஜைத் திருவிழாவுக்கும் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர், நாலு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர் இந்த 78இல் தவறிவிடுவார். திட்டத்தை நிரந்தரத் தொழிலாளியை மனதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அது இவருக்கு இடுப்பில் நிற்காத கால்சட்டை.

வேலையில் காயம் பட்டால் மட்டும் நாள் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே பட்டாலும் 90 சதவீதம்.

காயம் பட்ட முதல் ஒரு மணி நேரம்

பட்டறையில் கை மாட்டிவிட்டது. சூப்பர்வைசர் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறார். கேஷுவால்ட்டியில் டாக்டர் கேட்கிறார், "எப்படி ஆச்சு?" தொழிலாளிக்குத் தமிழ் தெரியாது. சூப்பர்வைசர் சொல்கிறார், "ரூம்ல வழுக்கி விழுந்துட்டார் சார்." டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுகிறார். பிறகு எந்த அலுவலகத்தில் நின்று என்ன சொன்னாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டின் பிரதியை, அதாவது ஏ.ஆர். காப்பியைத்தான். ரூமில் வழுக்கி விழுந்தவருக்கு வேலைக்கால விபத்து இழப்பீடு எப்படி வரும்?

ஆகவே முதல் வாக்கியம் சரியாக இருக்க வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்த மெஷின். கூடப் போகிறவர் உடன் வேலை செய்கிறவராக இருப்பது நல்லது. இந்தி தெரிந்த நர்ஸ், மாணவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு நோயாளியிடமே கேட்கச் சொல்லலாம். ஏ.ஆர். காப்பியின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அல்லது நம்பரையாவது குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் முதலாளி படிவம் 12இல் விபத்து அறிக்கை தர வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், வேலையில் பட்ட காயத்தின் மருத்துவச் செலவும் இழப்பீடும் முதலாளியின் பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே இழப்பீடு உண்டு. மருத்துவச் செலவு 2009 திருத்தத்தில் சேர்ந்தது.

சாலை விபத்துக்கு வேறு வழி. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் உண்டு. 2021 டிசம்பரில் வந்தது. கடலூர்–புதுச்சேரி சாலையில் முள்ளோடைக்கு வடக்கே விழுந்தால் அந்தத் திட்டம் எட்டாது. அதற்கு 2025இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது: 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை. எங்கே விழுந்தார் என்ற கிலோமீட்டர் கணக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இவ்வளவு முக்கியமாகும் என்று யாரும் நினைப்பதில்லை.

பாதியில் அறும் நூல்

காய்ச்சலும் காயமும் ஒருமுறை வந்து போகிறவை. காசநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பம் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் ஒரே கையில் நூல் இருக்க வேண்டும். இடம் மாறினால் நூல் அறும்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. சாதாரண வகைக்கு 6 மாத மருந்து. முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோவுக்கு 3, 50 முதல் 64 கிலோவுக்கு 4. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, எடை கூடும். ஆள் தெம்பாகிவிடுவார். சரியாக அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடுவார், மாத்திரையை விட்டுவிடுவார். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்ப வர அது போதும்.

இதற்கு வழி இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போது, காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவில் நிக்‌ஷய் எண் ஒன்று தருகிறார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் மருந்து தரும் ஊழியரிடம் எந்த மாவட்டம், எந்த வட்டாரம் என்று சொன்னால், பதிவை அந்த இடத்துக்கு மாற்றிவிடுவார். வழிக்கும் சில நாளுக்குமான மாத்திரையைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் பதிவோடு தொடரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. இலவச உதவி எண் 1800 11 6666. "ஊருக்குப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போவதால்தான் பலருடைய சிகிச்சை அறுகிறது. திட்டுவார்கள் என்ற பயத்தில் சொல்வதில்லை. திட்டுகிறவர்களும் உண்டு, மறைப்பதற்கில்லை.

கர்ப்பத்தில் நூல் வேறு மாதிரி அறும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து ஆர்.சி.ஹெச். எண் (தாய்–சேய் நலப் பதிவு எண்) வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேட்கப்படும். செங்கல் சூளையிலோ சைட்டிலோ இருக்கும் பெண் கிராமச் செவிலியரின் பட்டியலில் தானாக வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும். சொந்த ஊரில் தந்த தாய்–சேய் அட்டை இருந்தால் அதைத் தூக்கிப்போடாமல் இங்கே காட்டலாம். போட்ட ஊசியும் பார்த்த பரிசோதனையும் எந்த மொழியில் இருந்தாலும் தேதியும் எண்ணும் படிக்க முடியும்.

மொழி என்கிற வாசற்படி

"இந்திக்காரர்" என்று எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிட்டுவிடுகிறோம். ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒடியா பேசுவார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் சந்தாலி பேசலாம். இருவருக்கும் இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே இந்தி தெரிந்த ஒருவர் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. "எந்த மொழி?" என்று முதலில் கேட்பது அரை வேலையை முடித்துவிடும்.

அதைவிட ஏமாற்றுவது மருந்துக் கவரில் எழுதும் 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது நமக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. படிக்காதவருக்கு அது வெறும் எண். நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு இன்னும் குழப்பம். அவருடைய காலைச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. கவரில் சூரியனையும் பிறையையும் வரைந்து, அந்த இடத்திலேயே முதல் மாத்திரையை எடுக்கச் சொல்லி, "அடுத்தது எப்போ?" என்று திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். திருப்பிக் கேட்பதற்கு முப்பது விநாடி போதும். சரி என்று தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டால் நாலாம் நாள் திரும்ப வருவார்.

நேரம் ஒத்துவராத சிக்கலுக்கு ஒரு சின்ன வழி நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். தமிழ்நாட்டில் அவை காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும். ஷிப்ட் முடிந்து போகலாம், கூலி போகாது. லேபர் ஷெட் சுவரில் பக்கத்து மையம் எங்கே, எத்தனை மணிக்கு என்று அவரவர் மொழியில் எழுதி ஒட்டுவது, ஆண்டுக்கொருமுறை கேம்ப் போட்டு போட்டோ எடுப்பதைவிட உபயோகம்.

ரயில் ஏறும் முன் ஒரு பிளாஸ்டிக் கவரில் இவை இருந்தால் பாதித் தொல்லை குறையும்: ஆதார் நகல், இ.எஸ்.ஐ. நம்பர், காப்பீட்டு அட்டை, கடைசி ஓ.பி. சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும், சாப்பிடும் மாத்திரையின் வெற்று அட்டை ஒன்று. தாள்களை மொபைலில் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் மொபைல் முதலில் தொலையும். மாத்திரையின் பெயர் நினைவில் இருக்காது, அந்த வெற்று அட்டையைப் பார்த்தால் எந்த ஊர் டாக்டருக்கும் புரியும்.